கீழாநெல்லி: பெயரும் பொருளும்

நெல்வயல் வரம்பிலும், கத்தரி, மிளகாய்ப் பாத்திகளிலும், கிணற்றடி ஈரத்திலும் விதைப்பாரின்றி முளைக்கும் பூண்டுகளுள் கீழாநெல்லியும் ஒன்றாகும். களை பிடுங்கும்போது கமக்காரர் அதனைப் பிடுங்கி எறிவர்; வீட்டில் ஒருவருக்குச் செங்கண்மாரி கண்டால் அதனையே தேடி நடப்பர். இவ்வாறு ஒருநாள் களையாகவும் மற்றொருநாள் மருந்தாகவும் கொள்ளப்படும் இப்பூண்டின் பெயர் வந்த வழியை ஆராய்தல் வீண் முயற்சியன்று. பெயரின் பொருளை அறிந்தவர் பூண்டைத் தவறாது இனங்காண்பர். அப்பெயர் எதனைச் சொல்லவில்லை என்பதையும் அறிந்து கொள்வர்.

பெயரின் பொருள்

கீழ்க்காய்நெல்லி என்பதே இப்பெயரின் முழு வடிவமாகும். கீழே காய்க்கும் நெல்லி என்பது அதன் பொருள். பேச்சு வழக்கிலே நடுவிலுள்ள ஒலிகள் தேய்ந்து, கீழாநெல்லி என்றாயிற்று. ஒரு சிறு கிளையைப் பறித்து மேற்புறமாகப் பார்த்தால், புளியிலை போன்று இரு வரிசையாய் அமைந்த சிற்றிலைகள் மாத்திரம் தோன்றும். அதனைப் புரட்டிப் பார்த்தால், கடுகைவிடச் சற்றுப் பெரிய பசிய காய்கள் இலைகளின் அடியில் வரிசையாகத் தொங்கக் காணலாம். புளியின் சிற்றிலைகளுக்கு அடியில் இவ்வாறு காய் தோன்றுவதில்லை. ஆகவே பெயரே அடையாளமாக அமைந்துள்ளது.

நெல்லி என்ற சொல்லும் தற்செயலாக வந்ததன்று. காயின் உருவம் நெல்லிக்காயின் உருவத்தைச் சிறிதாக்கியது போன்றது. சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் இலின்னேயசு 1753 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நெல்லி மரத்தையும் இவ்வகைச் சிறு பூண்டையும் பிலாந்தசு என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். மரத்தையும் முழங்காலளவே வளரும் பூண்டையும் ஒரே பெயரால் இணைத்த நம் முன்னோரின் கூர்ந்த நோக்கு இதனாற் புலனாகும். பிலாந்தசு என்பது இலை, பூ என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆனது.

பிற மொழிகளும் இவ்வுறவை அறிந்துள்ளன. தெலுங்கில் நேல உசிரி என்பதும், வடமொழியில் பூமியாமலகி என்பதும் நிலநெல்லி எனப் பொருள்படும். அம்மொழியினர் பூண்டின் உயரத்தை நோக்கிப் பெயரிட்டனர். தமிழர் காய் தொங்கும் இடத்தை நோக்கினர். சிங்களத்தில் இதனையும் இதனை ஒத்த பூண்டுகளையும் பிட்டவக்கா என வழங்குவர்.

பெயர் சென்ற வழி

கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராயிருந்த வான் ரீடு என்பவர், மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளில் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1690 ஆம் ஆண்டில் வந்த பத்தாந் தொகுதியிலே கிர்கனெலி என்றொரு பூண்டு வரையப்பட்டுள்ளது. கீழ்க்காய்நெல்லிக்கு இனமான மலையாளப் பெயரே ஐரோப்பியர் செவியில் அவ்வாறு ஒலித்தது. 1789 இல் பிரெஞ்சு அறிஞர் சூசியே அதனைக் கிர்கனேலியா என்னும் இலத்தீன் பெயராக்கினார்.

எனினும் நூற்பெயர்கள் மயக்கமும் தந்தன. நம் நாட்டுக் கீழாநெல்லியைப் பல நூல்கள் நெடுங்காலம் பிலாந்தசு நிரூரி என்றே எழுதின. அப்பெயர் அமெரிக்க இனம் ஒன்றிற்கு உரியதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம்மிடையே பொதுவாகக் கீழாநெல்லி எனப்படுவது பிலாந்தசு அமாரசு ஆகும். அமாரசு என்பதற்கு இலத்தீனிற் கசப்பு என்று பொருள். இலையை மென்றவர் இதனை மறுக்கமாட்டார்.

ஒத்த பூண்டுகள்

காய் கீழே தொங்குவதை மாத்திரம் கொண்டு முடிவு செய்தல் போதாது. செந்நிறத் தண்டுடைய வேறோர் இனமும் நம் தோட்டங்களில் வளர்கின்றது. அதன் காய்கள் காம்பின்றி ஒட்டியிருக்கும், தடவினாற் சொரசொரப்பாயிருக்கும். கீழாநெல்லியின் காய்களோ சிறு காம்புடையவை, வழவழப்பானவை. ஐயமிருப்பின் ஆயுள்வேத வைத்தியரிடம் காட்டித் தெளிதல் வேண்டும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. களைநாசினி தெளித்த வரம்பிலும் பாத்தியிலும் இப்பூண்டைப் பறித்து உட்கொள்ளலாகாது. தெளித்த பூண்டு உடனே வாடுவதில்லை. சில நாட்கள் பசுமையாகவே நிற்கும். ஆகவே பசுமையைக் கண்டு ஏமாறற்க.

2. முற்றிய காய்கள் வெடித்து விதைகளைச் சிதறும். மரக்கறிப் பாத்திகளில் இது பெருகாதிருக்க, காய் முற்றுமுன் வேரோடு பிடுங்குதல் நன்று.

3. பெயர் பூண்டைக் காட்டும், நோயைக் காட்டாது. கண் மஞ்சளாதல் பல நோய்களின் அறிகுறியாகும். அவற்றுள் எலிக்காய்ச்சல் கமக்காரரைப் பெரிதும் தாக்குவது. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், கால் வெடிப்பு, காயம் ஆகியவற்றின் வழியாக நோய்க்கிருமியை உடலினுட் புகச்செய்யும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. வயலில் இறங்கிய சில நாட்களிலோ வாரங்களிலோ கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்பன தோன்றினால் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. கண் மஞ்சளாதலும் சிறுநீர் குறைதலும் நோய் முற்றியமையைக் காட்டும். அந்நிலையில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போமென இருத்தல் உயிருக்கே கேடாகும். ஈரலுடன் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதடையக்கூடும்.

4. விதைப்புக்கு முன்னரே பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, எலிக்காய்ச்சலுக்குரிய தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேட்டறிக. வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தால், வயலில் வேலை செய்ததையும், கீழாநெல்லி முதலிய மருந்து ஏதேனும் உட்கொண்டிருப்பின் அதனையும் வைத்தியரிடம் மறைக்காது கூறுக.