ராத்திரி ரெண்டு மணிக்கு ஆங்கிலத்தில் என்ன பொழுது?

தமிழில் பொழுதுக்குப் பெயர் வைப்பது வெளிச்சம். விடிந்தால் காலை, இருட்டினால் ராத்திரி. ஆங்கிலத்திலோ நள்ளிரவு தாண்டியதுமே ‘மோர்னிங்’ தொடங்கிவிடுகிறது.

திங்கட்கிழமை இரவு கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் புறப்படும் தபால் ரயில், ஹட்டன் தாண்டி வட்டகொடைப் பக்கம் வரும்போது நள்ளிரவு கழிந்திருக்கும். தேயிலைத் தோட்ட லயத்தில் அதைத் ‘திங்கட்கிழமை ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது ‘டூ இன் த மோர்னிங்’, கிழமையும் செவ்வாய். பொழுதை மாற்றிவிட்டுக் கிழமையை மாற்ற மறந்து, ‘மண்டே, டூ ஏ.எம்.’ என்று சொன்னால், கூட்டிப்போக வருகிறவர் ஒரு நாள் முந்தியே வந்து ஸ்டேஷன் குளிரில் நிற்க வேண்டியதுதான்.

மாலையிலும் இதே சிக்கல் உண்டு. அந்திக் கொழுந்து நிறுக்கும் நாலு மணி ஆங்கிலத்தில் ‘ஈவ்னிங்’ ஆகாது. நண்பகலிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி வரை ‘ஆஃப்டர்நூன்’தான். அதற்குப் பிறகே ‘ஈவ்னிங்’. மலையில் ஏழு மணிக்கு நன்றாக இருட்டியிருக்கும். ஆனாலும் ‘செவன் இன் தி ஈவ்னிங்’ என்பதே வழக்கம். எட்டுக்கு ‘இன் தி ஈவ்னிங்’, ‘அட் நைட்’ இரண்டும் பொருந்தும். பத்து மணி என்றால் ‘அட் நைட்’.

‘குட் நைட்’ விடைபெறும் சொல். நுவரெலியா ஹோட்டலில் இரவு பத்து மணிக்கு வந்து இறங்கும் விருந்தாளியை ‘குட் ஈவ்னிங்’ என்றுதான் வரவேற்க வேண்டும். ‘குட் நைட்’ என்றால், வாசலிலேயே அனுப்பிவைத்த மாதிரி.

‘டுடே மோர்னிங்’, ‘யெஸ்டர்டே நைட்’ ஆகியவை இலங்கையிலும் இந்தியாவிலும் சாதாரணமாகக் காதில் விழுபவை, யாருக்கும் விளங்கும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ‘திஸ் மோர்னிங்’, ‘லாஸ்ட் நைட்’ என்பார்கள், இன்றிரவுக்கு ‘டுநைட்’. அதேவேளை ‘யெஸ்டர்டே மோர்னிங்’, ‘டுமோரோ நைட்’ இரண்டும் சரி. இதில் விதி தேடிப் பயனில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

‘மோர்னிங்’, ‘ஆஃப்டர்நூன்’, ‘ஈவ்னிங்’ மூன்றுக்கும் முன்னால் ‘இன்’ வரும், ‘நைட்’டுக்கு ‘அட்’. கிழமை சேர்ந்தால் ‘ஒன் மண்டே மோர்னிங்’. ‘திஸ்’, ‘லாஸ்ட்’, ‘டுமோரோ’ வந்தால் எதுவும் வேண்டாம்.

‘ஏ.எம்.’ என்று சொன்ன பிறகு ‘இன் த மோர்னிங்’ தேவையில்லை. பன்னிரண்டு மணிக்கு மட்டும் ‘ஏ.எம்.’, ‘பி.எம்.’ இரண்டையும் தவிர்த்து, பகலுக்கு ‘நூன்’ என்றும் இரவுக்கு ‘மிட்நைட்’ என்றும் சொல்வது நல்லது. ஆங்கிலேயரே குழம்பும் இடம் அது.