அந்த ஃபைலை எங்கே வச்சீங்க?

ராத்திரி பன்னிரண்டரை மணி. அப்பாவுக்குத் திடீரென்று வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது. பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். டியூட்டி டாக்டர் கேட்கிறார்: "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?"

"பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை சார்... அப்புறம் ராத்திரியிலே ஒரு சின்ன ரோஸ் மாத்திரை..."

வெள்ளையும் ரோஸும் டாக்டருக்குப் போதாது. மூளை ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆனால், நோயாளி ஏற்கெனவே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அந்த ஊசியே ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். அதனால்தான் டாக்டர் துருவித் துருவிக் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய மருந்துச் சீட்டோ, வீட்டு பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் நிம்மதியாகத் தூங்குகிறது!

"எனக்கு ஞாபக மறதி ஜாஸ்திங்க" என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். மனித மனசு ஒரே சமயத்தில் ஏழு விஷயங்களை, கூடக்குறைய இரண்டை, பிடித்து வைத்திருக்கும் என்று அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்களில் சிலர், 'ஏழெல்லாம் அதிகம், நாலுதான்' என்கிறார்கள். பதற்றத்தில் அதுவும் நழுவும்.

இது பெரிய டாக்டர்களுக்கும் பொருந்தும். ஆபரேஷன் தியேட்டரில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் உள்ள ஆஸ்பத்திரிகளில் அதைச் சோதித்துப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பட்டியலைப் பயன்படுத்திய பிறகு ஆபரேஷன் நோயாளிகளின் மரண விகிதம் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்திருந்தது! நிபுணர்களுக்கே பட்டியல் தேவைப்படும்போது நமக்கு வேண்டாமா?

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆளுக்கு ஒரு ஃபைல்: வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஃபைல். புதுச் சீட்டு மேலே, பழையது கீழே. 'அப்புறம் அடுக்கிக்கலாம்' என்று டி.வி. மேல் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அடுத்த வேலை அதுதான்.

முதல் பக்கம் முக்கியம்: பெயர், வயசு, இருக்கிற நோய்கள், செய்த ஆபரேஷன்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து, தினசரி மாத்திரைகள், அவற்றின் அளவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கம்பெனிப் பெயரோடு அட்டையில் உள்ள மருந்தின் மூலப் பெயரையும் எழுதுவது அவசியம். இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் எழுதியிருந்தால், தெரியாமல் டபுள் டோஸ் விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். மருந்து மாறினால் தாளையும் மாற்றி எழுதுங்கள். அதை செல்போனில் படம் எடுத்தும் வையுங்கள்.

ஈ.சி.ஜி.க்கு நகல்: வழவழப்பான தாளில் வரும் ஈ.சி.ஜி. நாளாக ஆக மங்கிப்போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டால்தான் புது மாற்றம் டாக்டருக்குப் பளிச்சென்று தெரியும்.

மருந்துக்கு ஒரே இடம்: அடுப்புப் பக்கமும் பாத்ரூமும் வேண்டாம். சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பா போதும். அட்டையிலிருந்து மாத்திரையை எடுக்கும்போது காலாவதித் தேதி உள்ள ஓரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள்: 'காலையில் மாத்திரை' என்றால் மறக்கும். 'பல் தேய்த்ததும் வெறும் வயிற்று மாத்திரை', 'இட்லி சாப்பிட்டதும் சர்க்கரை மாத்திரை' என்றால் நிற்கும். டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பொருத்தமான வேலையாகப் பார்த்துக் கோத்துவிடுங்கள். 'போட்டேனா, இல்லையா?' என்ற குழப்பத்துக்கு, ஏழு நாள் அறைகள் உள்ள மாத்திரை டப்பா கைகொடுக்கும். ஒரு வேளை விட்டுப்போச்சா? ஈடுகட்ட அடுத்த வேளையில் நீங்களாக இரண்டைச் சேர்த்து விழுங்காதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

மாதம் ஒரு நாள்: முதல் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். காலாவதியானதைக் கழித்து, தீரப்போவதைக் குறித்து, அடுத்த செக்கப் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

எல்லாம் செய்தாச்சா? இன்னும் ஒன்று பாக்கி. ஃபைல் இருக்கிற இடத்தை வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குக் காட்டுங்கள். எல்லாவற்றையும் பொறுப்பாக அடுக்கி வைக்கிற உங்களுக்கே ஒரு நாள் தலை சுற்றி விழுந்தால், அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியவர் வேறு ஒருவர்தானே!