மோதி மறைந்த வண்டி

நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் சொந்த வண்டியில் வருவோர், அதைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிறுத்திவிட்டே படகேறுவர். மீண்டுவருங்கால் கதவு நசுங்கியிருக்க, மோதியவரோ மறைந்துவிட்டால் செய்யத்தக்கது யாது?

படம் பிடிக்குமுன் வண்டியை அசைத்தலாகாது. உதிர்ந்த கண்ணாடியும் ஒட்டிய வர்ணமும் மோதிய வண்டியின் சாயலைக் காட்டும். படகோட்டிகளையும் கடைக்காரரையும் அன்றே விசாரித்தல் வேண்டும். மறுநாள் வண்டியின் இலக்கம் எவர் நினைவில் நிற்கும்? ஓடியவர் புங்குடுதீவினர் அல்லராயின், வேலணைக்குச் செல்லும் தாம்போதியையன்றி அவருக்கு வேறு தரைவழி இல்லை. ஆதலின் பொலிஸ் நிலையத்தில் விரைந்து முறையிடுதல் பயன்தரும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்தல் வேண்டும்.

சேதம் சிறிதென்றோ, உரியவர் அங்கில்லை என்றோ மோதியவர் நழுவ இயலாது. வண்டியை நிறுத்துவதும், உரியவரைக் காணாவிடத்துப் பொலிசாருக்கு அறிவிப்பதும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அவர்மீது சுமத்திய கடமைகளாம்.