மண்டலேயிற் பயின்ற உத்தியோகத்தர்

1922ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே 'ஹெரிஃபோர்ட்ஷயர்' என்னும் பயணிகள் கப்பல் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தது. இங்கிலாந்திலிருந்து சுயஸ் கால்வாய் வழியாக இரங்கூனுக்குச் செல்லுங் கப்பல் அது. வழக்கம்போலக் கூலியாட்கள் கூட்டமாக மேல்தளத்தில் ஏறிப் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினர். அவர்களை மேற்பார்வை செய்யப் பொலிஸார் சிலரும், அவர்களோடு வெள்ளைக்காரச் சார்ஜன்ற் ஒருவனும் நின்றனர். கூலியாள் ஒருவன் நீண்ட தகரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு தடுமாறித் திரும்பினான். பெட்டியின் முனை அருகில் நின்றோரின் தலைகளைப் பதம்பார்த்துவிடும் போலிருந்தது. யாரோ ஏசினார். சார்ஜன்ற் திரும்பிப் பார்த்தான். கூலியாளின் பின்புறத்தில் ஓங்கி ஓர் உதை விட்டான். உதைபட்டவன் தளத்தின் குறுக்கே தள்ளாடிப் போனான். சுற்றி நின்ற பயணிகள், பெண்கள் உட்பட, 'நல்லது' என்னும் பாவனையில் முணுமுணுத்தனர்.

இதனைப் பார்த்து நின்றவர்களுள் 19 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரும் பொலிஸ் உத்தியோகம் பார்க்கவே போய்க்கொண்டிருந்தார். எரிக் பிளெயர் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் ஜோர்ஜ் ஓர்வெல் என்ற புனைபெயரால் உலகம் அறிந்தவர் இவரே. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1940ஆம் ஆண்டிலே, 'டைம் அன்ட் டைட்' என்னும் வாரப் பத்திரிகையில் இந்நிகழ்ச்சியை அவர் எழுதினார். அவருடைய 'விலங்குப் பண்ணை'யை ஆங்கில வகுப்பிற் படிக்கும் நம் மாணாக்கர் பலர். கீழைத்தேயத்துப் பொலிஸ் எப்படியிருக்கும் என்னும் முதற்பாடம் அவருக்கு நம் கொழும்பிலேதான் கிடைத்தது என்பதை அறிந்தோர் சிலரே. நம் துறைமுகத்துக்கு வாய்த்த இலக்கியப் பெருமைகளுள் இவ்வுதையையுஞ் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்!

பிளெயர் பொலிஸிற் சேர்ந்த விதமே சற்று விசித்திரமானது. ஈட்டன் கல்லூரியிற் படித்தவர்கள் பெரும்பாலும் ஒக்ஸ்போட்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போவார்கள். அல்லது இந்திய சிவில் சேவையை நாடுவார்கள். பொலிஸ் சேவை அவர்கள் கண்ணுக்கு இரண்டாந்தரமானது. பிளெயர் ஈட்டனில் நன்றாகப் படிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வீட்டிலே பணமுமில்லை. தந்தையார் இந்திய அரசாங்கத்தின் அபின் இலாகாவிற் கடமையாற்றி ஓய்வுபெற்றவர். தாயாரோ பர்மாவின் மோல்மீன் பட்டினத்தில் தேக்குமர வியாபாரம் செய்த பிரெஞ்சுக் குடும்பத்தில் வளர்ந்தவர். பாட்டியார் அப்பொழுதும் அங்கேயே வசித்தார். ஆகவே பையன் 1922இல் சில மாதம் தனிப்பயிற்சி பெற்றுப் போட்டிப் பரீட்சை எழுதினான். ஏழாம் இடத்திலே தேறினான். குதிரையேற்றச் சோதனையில் மட்டும் கடைசிக்குச் சற்று முன்னே வந்தானென்பர். எந்த மாகாணம் வேண்டுமென்று கேட்டபோது பர்மாவையே முதலிற் குறித்தான்.

மண்டலே நகரத்துப் பொலிஸ் பயிற்சிக் கல்லூரிக்கு அவர் போய்ச் சேர்ந்தது அவ்வாண்டு நவம்பர் இறுதியில். 1885இல் தீபோ மன்னரை ஆங்கிலேயர் சிறைபிடித்து அரசைப் பறித்துக்கொண்ட அதே மண்டலேதான். தகுதிகாண் உதவி ஜில்லா அத்தியட்சகர் என்பது பதவி. அடிப்படைச் சம்பளம் 325 ரூபா; கடல் கடந்து வந்தமைக்கு 125; பயிற்சிப்படி 75; ஆக மாதம் 525 ரூபா. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது கொஞ்சமான தொகையன்று.

பாடங்கள் பர்மிய மொழி, ஹிந்துஸ்தானி, சட்டம், பொலிஸ் நடைமுறை ஆகியவை. மொழியிலே பிளெயருக்கு இருந்த ஆற்றலைக் கண்டு உடன்பயின்றோர் வியந்தனர். பௌத்த பிக்குகளுடன் உயர்ந்த செந்நடைப் பர்மியத்திலே உரையாடும் அளவுக்கு அவர் தேர்ச்சி பெற்றார் என்று அவருடைய தோழர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பர்மாவிலிருந்த காலத்தில் கைவிரல் மொழிகள் தோறும் சிறிய நீல வட்டங்களைப் பச்சை குத்திக்கொண்டார். குண்டும் பாம்புக் கடியும் அணுகாமற் காக்குமென்று நாட்டுப்புறப் பர்மியர் நம்பும் பச்சை அது. துரைமார் கழகத்தில் அந்தக் கைகளோடு போய் உட்கார்ந்திருப்பது எவ்வாறிருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

சட்டப்பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மா அன்று பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இலேதான் தனியே பிரிக்கப்பட்டது. ஆகவே 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக் கோவையும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டமுமே அங்கு நடைமுறையிலிருந்தன. அச்சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபித்தலாகாது என்று விதித்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1895இல் ஆக்கப்பட்ட நமது சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் இவ்விதி இருக்கிறது. இலக்கமும் அதே 25. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்குப் பெரியதொரு விலக்கை உண்டாக்கியதனால் விளைந்தவற்றை நம்மவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மூலவிதியை எண்ணிப் பாருங்கள். ஆட்சியாளர் பொலிஸ் படை ஒன்றை அமைக்கிறார்கள்; அமைத்த கையோடு, அப்படை கேட்டு வாங்கும் ஒப்புதலை நம்பற்க என்று தாமே சட்டமும் எழுதிவைக்கிறார்கள். பயிற்சிக் கல்லூரியிற் கற்கும் இளைஞன் முதலில் மனனஞ் செய்ய வேண்டியது தன்மீதுள்ள இந்த அவநம்பிக்கையைத்தான்.

பயிற்சி முடிந்தபின் பதவிகள் விரைந்து மாறின. மலைநகரான மேமியோவிற் சிறிதுகாலம் இருந்தார். 1924 தொடக்கத்தில் ஐராவதிக் கழிமுகத்து மியாங்மியாவுக்குப் போனார். பின்னர் துவந்தேயிலே ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களின் பாதுகாப்பு அவர் பொறுப்பில் வந்தது. வயது 21! அடுத்து எண்ணெய் சுத்திகரிப்புச் சாலையின் புகையாற் புல்பூண்டு கருகிப்போன சிரியம். 1925இல் பெருஞ்சிறைச்சாலை கொண்ட இன்சீன். 1926இல் பாட்டியார் ஊரான மோல்மீன். கடைசியாக வடக்கே கத்தா. அங்கு டெங்குக் காய்ச்சல் கண்டு 1927 ஜூலையில் விடுமுறை பெற்றுத் தாய்நாடு திரும்பினார். அவ்வாண்டிலேயே, இனிப் பர்மாவுக்குப் போவதில்லையென்று குடும்பத்தாரிடம் அறிவித்துவிட்டார்.

அவர் மனம் எப்பொழுது முறிந்தது? 1937இல் வெளிவந்த 'விகன் துறைக்குச் செல்லும் பாதை' என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. அமெரிக்க மிஷனரி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். பிளெயரின் கீழிருந்த சுதேச சப்-இன்ஸ்பெக்டர் சந்தேகத்துக்குரிய ஒருவனை மிரட்டி விசாரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மிஷனரி, உம்முடைய உத்தியோகம் எனக்கு வேண்டாமப்பா என்னும் கருத்துப்படச் சாந்தமாக ஏதோ சொன்னாராம். அவ்வளவுதான். பிளெயருக்கு வெட்கம் தாளவில்லை. அடிபட்டவனின் அலறல் செய்யாததை அயலானின் ஒரு வார்த்தை செய்தது. இதனை அவர் மறைக்காமல் எழுதியிருப்பதனாலேயே இப்பகுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். கோபம் மேலிட்ட வேளைகளில் வேலைக்காரரையும் கூலிகளையும் தாமே கைநீட்டி அடித்ததுண்டென்பதையும் அதே நூலில் ஒப்புக்கொள்கிறார். கொழும்பிலே கண்ட உதை நான்கைந்து ஆண்டுகளில் அவர் கைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இவ்வனுபவங்களிலிருந்து பிறந்தவை மூன்று படைப்புகள்: 1931இல் 'ஒரு தூக்குத்தண்டனை', 1934இல் 'பர்மிய நாட்கள்' என்னும் நாவல், 1936இல் 'யானையைச் சுடுதல்'. முதலாவதும் மூன்றாவதும் அப்படியே நடந்தவைதாமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதம் என்னை அதிகம் கவர்வதில்லை. தூக்குமேடைக்கு நடக்கும் கைதி, வழியிற் கிடந்த சிறு நீர்க்குட்டையை மிதிக்காமல் ஒதுங்கிப்போகிறான் என்று எழுதினாரே, அந்த ஒரு விவரம் போதும். அறிக்கை எழுதப் பழகிய கை அது. என்ன கண்டேன், எத்தனை மணிக்குக் கண்டேன், யார் யார் நின்றார்கள் என்று எழுதும் பொலிஸ் பழக்கம், உணர்ச்சியை உரக்கச் சொல்லாத வசனநடையாக மாறிவிட்டது. பர்மாவில் வீணாக்கினேனென்று அவர் நினைத்த ஐந்தாண்டுகள் அவருடைய எழுத்துக்குப் பள்ளிக்கூடமாயிருந்தன என்பதே என் கருத்து.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. தூக்குத்தண்டனைக் கட்டுரையில் வரும் தலைமைச் சிறையதிகாரி பிரான்சிஸ், தங்கக் கண்ணாடியணிந்த ஒரு திராவிடர். யானைக் கட்டுரையிலோ, மிதியுண்டு சேற்றிற் புதைந்து கிடப்பவனும் திராவிடக் கூலி. தெலுங்குக் கரையிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப்போனவர்களைக் குறித்த 'கோரிங்கி' என்னும் சொல்லும் அங்கே வருகிறது. அவன் செத்ததனால் யானையைச் சுட்டது சட்டப்படி சரியாயிற்றே என்று கதைசொல்லி ஆறுதலடைகிறார். நாவலில் வரும் டாக்டர் வீராசாமியும் நம் பக்கத்தவர்போலவே தோன்றுகிறார். வெள்ளைக்காரனான ஃபிளோரி ஆட்சியைத் தூற்ற, வீராசாமி அதைப் புகழ்ந்து வாதாடுகிறார். ஆளப்படுவோருள் இத்தனை படிகள் உண்டென்பதை ஓர்வெல் நன்றாகவே கண்டிருக்கிறார். ஆயினும் பர்மியக் குடியானவன் ஒருவனுடைய வீட்டுக்குள் அவருடைய எழுத்து ஒருபோதும் நுழைந்ததில்லை. மொழி தெரிந்திருந்தும் நுழையவில்லை.

இவ்விடத்தில் லெனாட் வுல்ஃபை நினையாமலிருக்க முடியாது. 1904 டிசம்பரில் வோல்டேயரின் நூல்கள் 90 தொகுதிகளோடும் ஒரு நாயோடும் கொழும்பில் வந்திறங்கி, அடுத்த மாதமே யாழ்ப்பாணக் கச்சேரியிற் கடமையேற்றவர் அவர். கண்டியிலே இருந்தபோது போகம்பறைச் சிறையில் தூக்குத்தண்டனைகளுக்குச் சாட்சியாக நிற்கும் கடமை அவருக்கும் வாய்த்தது. 1911இல் விடுமுறையிற் சென்றவர் 1912இல் பதவி விலகினார். ஆனால் 1913இல் வெளிவந்த அவருடைய நாவலான 'காட்டிலே ஒரு கிராமம்', துரைமார் கழகத்தை விட்டு நேரே சிங்களக் குடியானவனின் குடிசைக்குப் போய்விடுகிறது. நீதிமன்றத்தில் நிற்பவனுக்கு அங்கு பேசப்படுவது ஒன்றுமே விளங்கவில்லை என்பதை, நீதிபதியின் ஆசனத்திலிருந்து பார்க்காமல் கூண்டுக்குள்ளிருந்து பார்த்து எழுதினார். ஓர்வெலைவிட வுல்ஃப் பெரிய எழுத்தாளரல்லர். இந்த ஒரு விஷயத்தில் அவர் முந்திக்கொண்டார் என்பேன்.

இவற்றையெல்லாம் நான் மீண்டும் எடுத்துப் படித்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழும் வரலாறும் கற்ற மாணவன் ஒருவன் உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்குத் தெரிவாகிக் களுத்துறைப் பொலிஸ் கல்லூரிக்குப் போக ஆயத்தமானான். அவனுடைய தாயார் ஒருநாட் காலை என் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், நீங்கள் சொன்னால்தான் கேப்பான். ஆசிரியர் வேலை கிடைக்காட்டிலும் பரவாயில்லை, கடை வைச்சுக் குடுக்கிறம். இந்த உடுப்போடை அவன் எங்கடை ஒழுங்கைக்குள்ளை வந்தால் ஆர் எங்களோடை முகங்குடுத்துக் கதைப்பினம்?" என்றார். 1981இல் நூலகம் எரிந்ததை மறவாத ஊர் இது. அம்மையாரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவனைத் தடுக்கவும் நான் உடன்படவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகச் செய்யப்படும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டுமென்கிறது. அம்மொழியில் எழுத இயலாவிடின் என்ன செய்வதென்றும் அதே பிரிவு கூறுகிறது. அந்தப் பிற்பகுதிதான் நம் ஊர்களிலே நெடுங்காலம் பழக்கத்திலிருந்தது. முற்பகுதி உயிர்பெற வேண்டுமானால் மேசைக்கு அப்புறத்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதனை அம்மையாரிடம் சொன்னேன். அவர் சமாதானமடைந்தாரென்று சொல்வதற்கில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமற் போனார்.

பயிற்சி முடிந்தது. வெளியேறும் அணிவகுப்புக்குத் தாயார் போயிருந்தார். சிங்களமும் நன்றாகப் பேசப் பழகிக்கொண்ட பையன், வடக்கிலே ஒரு சிறிய நிலையத்தில் முதற் கடமையேற்றான். ஒரு மாதத்தின்பின் அவனிடமிருந்து எனக்குக் கடிதமொன்று வந்தது. அவன் எழுதிய முதல் முறைப்பாடு ஒரு வேலிச் சண்டையாம்! ஆச்சி ஒருவர் தம் பாட்டனார் காலத்திலிருந்து தொடங்கி, பூவரசங் கதியால் ஒவ்வொன்றினதும் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போக, இவன் இரண்டு மணித்தியாலம் எழுதினானாம். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது ஆச்சி திகைத்துப்போய், "நான் சொன்னதெல்லாத்தையும் இப்பிடியே எழுதிப்போட்டியோ தம்பி? அண்ணரைப் பற்றிச் சொன்னதை எடுத்துவிடு ராசா, அது கோவத்திலை வந்தது" என்றாராம். எழுதியதை வெட்டலாகாது என்பது கல்லூரியிற் படித்த பாடம். ஆகவே அவ்வசனத்தை அப்படியே விட்டு, தமையனைப் பற்றிக் கூறியது கோபத்திற் கூறியது என்று ஆச்சி சொல்வதாகக் கீழே வேறொரு வரி சேர்த்து, அதையும் வாசித்துக் காட்டி, இரண்டாந்தரமும் கையொப்பம் வாங்கினானாம். ஆச்சி எழுத்துக்கூட்டித் தம் பெயரை இடுவதற்குச் சில நிமிடங்கள் பிடித்தனவென்றும், பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்தார்களென்றும் எழுதியிருந்தான். தமையனாரை மறுநாள் விசாரணைக்கு அழைத்திருப்பதாகவும், அவருக்கும் ஒரு பாட்டனார் இருந்திருப்பாரே என்றும் கடிதம் முடிந்திருந்தது.