ஆட்டத்துக்கு முன்னர் வகுத்த வெற்றி

உதைபந்தாட்டப் போட்டியொன்றின் முடிவு, நடுவரின் ஊதுகுழல் ஒலித்த பின்னரே உருவாகின்றதெனப் பார்வையாளர் கருதுவர். ஆயினும், எவரைச் சேர்ப்பது, எவரை விடுப்பது, எவரை எவ்விடத்தில் நிறுத்துவது என்னும் வினாக்களுக்குப் பயிற்றுநர் காணும் விடையிலேயே வெற்றியின் பெரும்பகுதி தங்கியுள்ளது. 1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் ஹங்கேரியும் சந்தித்த ஆட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஐரோப்பாக் கண்டத்தின் பெருநிலத்து நாடு எதுவும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. ஹங்கேரியக் குழுவின் பொறுப்பாளரான குஸ்தாவ் செபெஷ் இதை நன்கறிந்தவர். அவர் வெம்பிளி ஆடுகளத்தின் நீள அகலங்களை அளந்தறிந்து, அதே அளவான களத்தில் தம் வீரரைப் பழக்கினார். ஆங்கிலேயர் ஆடும் பந்துகளைத் தருவித்தார். பயிற்சியில் எதிர்த்தாடிய குழுக்களை ஆங்கிலேயரின் முறையிலேயே ஆடச் செய்தார்.

அந்த முறை யாது? பின்னணியில் மூவர் காவல் நிற்பர். அவர்களுள் நடுவே நிற்பவரின் கடமை, 9ஆம் இலக்கச் சட்டை அணிந்த எதிரணி நடு முன்னணி வீரரை நிழல்போலத் தொடர்வதாகும். செபெஷ் இந்தக் கடமையையே பொறியாக மாற்றினார். முன்னர் வலதுபுற ஓரத்தில் ஆடியவரும், 31 வயதினருமான ஹிடெக்குட்டிக்கு அந்த 9ஆம் இலக்கத்தை அளித்து, முன்னணியில் நில்லாது நடுக்களத்துக்குப் பின்வாங்கி ஆடுமாறு பணித்தார்.

இங்கிலாந்தின் நடுக் காப்பாளர் ஹரி ஜோன்ஸ்ரன் இருதலைக் கொள்ளி எறும்பானார். ஹிடெக்குட்டியைத் தொடர்ந்து சென்றால், பின்னே திறந்த வெளியில் புஷ்காசும் கொச்சிசும் நுழைந்தனர். தம் இடத்திலேயே நின்றால், ஹிடெக்குட்டி தடையின்றிப் பந்தைப் பகிர்ந்தளித்தார். ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்த அவர், மொத்தம் மூன்று கோல்களைப் பெற்றார். ஹங்கேரி 6-3 என வென்றது. ஆறு மாதங்களின் பின், 1954 மே 23இல், புடாபெஸ்ற் நகரிலும் 7-1 என மீண்டும் வென்றது.

ஆனால், திட்டமிடுதலில் வல்லவருக்கும் ஆட்டக்காரரைத் தெரிதல் எளிதன்று. 1954 உலகக் கிண்ணப் போட்டியில், மேற்கு ஜெர்மனியை 8-3 என வென்ற ஆட்டத்திலே குழுத் தலைவர் புஷ்காஷ் கணுக்காலிற் காயமுற்றார். அவரின்றியே ஹங்கேரி, பிரேசிலையும் உருகுவேயையும் வென்று இறுதியாட்டத்தை எய்தியது. வென்ற குழுவை அவ்வாறே விடுவதா, முழுநலம் பெறாத பெருவீரரை மீண்டும் சேர்ப்பதா? செபெஷ் புஷ்காசைச் சேர்த்தார். ஓர முன்னணியையும் மாற்றியமைத்தார். ஜூலை 4ஆம் நாள் பேண் நகரில் புஷ்காஷ் முதற் கோலை அடித்தார். எட்டு நிமிடத்துள் ஹங்கேரி இரு கோல்கள் முந்தியது. எனினும் ஈற்றில் 3-2 என மேற்கு ஜெர்மனியே கிண்ணத்தை வென்றது.

புஷ்காஷ் ஆடாதிருப்பின் முடிவு வேறாகியிருக்குமா என்பதை எவரும் உறுதியாகக் கூறவியலாது. அடுத்த போட்டிக்குக் குழுவைத் தெரியும் பாடசாலை ஆசிரியரும் கழகத் தலைவரும் எதிர்கொள்வது அதே வினாவைத்தான். ஒருவரின் புகழும் பழைய வெற்றிகளும் மதிக்கத்தக்கனவே. ஆயினும், அன்றைய களத்தில் செய்யவேண்டிய பணி யாது, அதை அன்று செய்யவல்லார் யார் என்பதே முதலில் ஆராயத்தக்கது.