கண்ணைப் பார்த்துக் குடல் நோயை அறிய முடியுமா?



சென்ற ஆண்டு ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வரவு வைத்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. எல்லோரும் எழுந்த பிறகும் ஓர் உறுப்பினர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அவருடைய கணவர் 36 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தவர். "எங்க மாமனாரும் நாப்பது வயசுக்குள்ள வயித்து வலியிலயே போயிட்டாராம். இப்ப எம் பையனுக்கு பதினாலு, பொண்ணுக்கு பதினொண்ணு. கண்ணு டெஸ்ட் பண்ணாலே இந்த நோய் புள்ளைங்களுக்கு வருமான்னு தெரிஞ்சிரும்னு சொல்றாங்களே, நெசமா மேடம்?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த ஒருவர், "வயித்துல இருக்கிறது கண்ணுல எப்படிக்கா தெரியும்?" என்று சிரித்தார். எங்களுக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவர்களிடம் கேட்டு அடுத்த மாதக் கூட்டத்தில் சொன்னோம். மற்ற குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம். அவர் கேள்விப்பட்டது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொள்ளாவிட்டால் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

பரம்பரையாக வரும் குடல் புற்றுநோய்

குடல் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வருவதில்லை. ஆனால் சில குடும்பங்களில் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிறது. அதில் ஒரு வகைக்கு எஃப்.ஏ.பி. என்று பெயர். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். நம் உடம்பில் உள்ள ஏ.பி.சி. என்ற மரபணுவில் ஏற்படும் கோளாறுதான் காரணம். இந்த மரபணுவை 1991இல் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பத்து, பதினைந்து வயதிலேயே பெருங்குடலின் உள்பக்கம் சின்னச் சின்ன சதை வளர்ச்சிகள் தோன்ற ஆரம்பிக்கும். இதைத்தான் டாக்டர்கள் 'பாலிப்' என்கிறார்கள். ஒன்று இரண்டு அல்ல, போகப்போக நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் வரும். வலி இருக்காது. பிள்ளை நன்றாகச் சாப்பிடும், ஓடியாடி விளையாடும். ஆனால் கவனிக்காமல் விட்டால் அவற்றில் ஏதாவது ஒன்று புற்றுநோயாக மாறுவது ஏறக்குறைய உறுதி. பெரும்பாலும் 40 வயதை ஒட்டி அது நடந்துவிடுகிறது.

தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. காசைச் சுண்டிப் போட்டால் பூவா தலையா என்பது போலத்தான். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்றோ, மருமகள் வந்த நேரம் என்றோ, செய்வினை என்றோ சொல்வதில் உண்மை இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது. அவரிடம்தான் புதிதாகத் தொடங்கியிருக்கும்.

கண்ணில் என்ன தெரிகிறது?

ஏ.பி.சி. மரபணு குடலில் மட்டும் இல்லை, உடம்பு முழுவதும் இருக்கிறது. அதனால் கோளாறு இருந்தால் வேறு இடங்களிலும் அடையாளம் காட்டலாம். சிலருக்குக் கூடுதலாகப் பல் முளைக்கும். சிலருக்குத் தாடை எலும்பில் கட்டி, தோலில் கட்டி வரும். பலருக்குக் கண்ணின் உள்ளே, பின்பக்கம் இருக்கிற விழித்திரையில், மச்சம் மாதிரி கருப்புத் திட்டுகள் இருக்கும். இதற்கு சி.எச்.ஆர்.பி.இ. என்று பெயர். 1980இல் அமெரிக்காவில் இரண்டு கண் மருத்துவர்கள் இந்தத் தொடர்பை எழுதி வெளியிட்டார்கள்.

இந்தத் திட்டுகள் பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பவை. குடலில் ஒரு பாலிப்கூட வராத சின்ன வயதிலேயே கண்ணில் பார்த்துவிடலாம் என்பதுதான் இதில் உள்ள நன்மை. இவற்றால் பொதுவாகப் பார்வைக்குக் கெடுதல் இல்லை. அதனால் பிள்ளைக்குத் தானாக எதுவும் தெரியாது.

ஒரே ஒரு திட்டு, ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்கலாம். இரண்டு கண்ணிலும், மொத்தமாக நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மருத்துவர்கள் குடலைப் பற்றி யோசிக்கிறார்கள்.

எப்படிப் பார்க்கிறார்கள்?

கண் முகாமில் புரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதில் இது தெரியாது. கண்ணாடிக்காகப் படிக்கச் சொல்லும் பரிசோதனையிலும் தெரியாது. சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் போல உட்கார வைத்து, கண் பாப்பா நன்றாக விரிந்த பிறகு லென்ஸ் வைத்து விழித்திரையின் ஓரம் வரைக்கும் பார்க்க வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கலாகத் தெரியும். துணைக்கு ஒருவர் போவது நல்லது.

முக்கியமாக, கண் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்: "எங்க குடும்பத்துல சின்ன வயசுலயே குடல் கேன்சர் வந்திருக்கு. விழித்திரையில கருப்புத் திட்டு இருக்கான்னு பாருங்க." சொன்னால்தான் அதற்கென்று தேடிப் பார்ப்பார்.

கண் சுத்தமாக இருந்தால் கவலை இல்லையா?

அப்படி நினைப்பதுதான் ஆபத்து. இந்த நோய் உள்ளவர்களில் 10 பேருக்குச் சுமார் 7 பேருக்குத்தான் கண்ணில் திட்டு இருக்கிறது. மீதிப் பேருக்கு நோய் இருக்கும், கண்ணில் ஒன்றும் இருக்காது. மரபணுவில் எந்த இடத்தில் கோளாறு என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. அதனால் ஒரு குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் எல்லோருக்கும் திட்டு இருக்கும், இன்னொரு குடும்பத்தில் யாருக்குமே இருக்காது.

லிஞ்ச் என்ற இன்னொரு பரம்பரை வகையும் உண்டு. எஃப்.ஏ.பி.யை விட அதிகமாகக் காணப்படுவது அதுதான். அதில் குடல் புற்றுநோயோடு பெண்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயும் வரலாம். அதற்குக் கண்ணில் அடையாளமே கிடையாது.

ஆகவே, கண்ணில் திட்டுகள் இருந்தால் உடனே குடல் மருத்துவரிடம் போக வேண்டும். திட்டு இல்லாவிட்டாலும், குடும்பத்தில் நோய் இருந்தால் போகத்தான் வேண்டும்.

உறுதி செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. நோய் வந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு முதலில் செய்தால், பிள்ளைகளுக்குப் பார்ப்பது சுலபம், முடிவும் தெளிவாக இருக்கும். இரண்டாவது, ஆசன வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. எஃப்.ஏ.பி. குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 10 முதல் 12 வயதில் தொடங்கி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து பார்க்க வேண்டும். பாலிப் அதிகமானால், புற்றுநோயாகும் முன்பே பெருங்குடலை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடுகிறார்கள். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பலருக்கு வெளியே நிரந்தரமாகப் பை வைக்காமலே சிறுகுடலைக் கீழே இணைத்துவிட முடிகிறது. அவர்கள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து வாழ்கிறார்கள்.

அந்தச் சகோதரியின் பிள்ளைகள்

குழு அவருக்குப் போக்குவரத்துச் செலவுக்கு உள்கடன் கொடுத்தது. ஊக்குநரும் கூடவே போனார். மகனுக்கு இரண்டு கண்ணிலும் திட்டுகள் இருந்தன. குடலைப் பார்த்ததில் சின்னச் சின்ன பாலிப்கள் இருந்தன, புற்றுநோய் இல்லை. இனி ஆண்டுதோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குக் கண் சுத்தமாக இருந்தது. "அண்ணனுக்கு இருந்து தங்கைக்கு இல்லாததால் நோய் இருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் அதை மட்டும் வைத்து விட்டுவிட முடியாது" என்றார் மருத்துவர். மகனின் இரத்தத்தில் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. மகளின் இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"ஊர்ல தெரிஞ்சா பொண்ணக் கட்டுவாங்களான்னு பயமாத்தான் இருக்கு மேடம். ஆனா அவரு போன மாதிரி எம் புள்ளைங்க போகக் கூடாது" என்றார் அவர். கூட்டத்தில் பேசுவது கூட்டத்தோடு இருக்கட்டும் சகோதரிகளே. ஒருவர் வீட்டு நோயை இன்னொரு வீட்டில் பேசினால், அடுத்தவர் வாய் திறக்கவே மாட்டார்.

நாம் செய்ய வேண்டியவை

1. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'வயித்து வலியில செத்தாரு' என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

2. 50 வயதுக்குள் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் அந்தத் தாளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

3. மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு செய்து மருந்து சாப்பிடாதீர்கள்.

4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் செலவுக்குப் பொருந்தும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். "நம்ம குடும்பத்துல இப்படி யாராவது சின்ன வயசுல போயிருக்காங்களா?" என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக்கு வரும் களப்பணியாளரிடம் தனியாகக் கேளுங்கள். எங்களுக்குத் தெரியாவிட்டாலும் கேட்டு வந்து சொல்கிறோம்.