கலைக்களஞ்சியத்தில் யாருக்கு இடம்?
பூட்டுக்கு உண்டு, பூட்டுத் தொழிலாளிக்கு?

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு!

அந்தப் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் "புவிசார் குறியீடு" கிடைத்தது. அதாவது, வேறு ஊரில் செய்த பூட்டை "திண்டுக்கல் பூட்டு" என்று சொல்லி விற்கக்கூடாது.

விக்கிப்பீடியாவிலும் இந்தப் பூட்டுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது.

விக்கிப்பீடியா என்பது இணையத்தில் உள்ள கலைக்களஞ்சியம். 2001-ல் தொடங்கியது. 2003 முதல் தமிழிலும் வருகிறது. காசு இல்லாமல் யாரும் படிக்கலாம். யாரும் எழுதலாம்.

அப்படியானால், பூட்டுச் செய்யும் தொழிலாளியைப் பற்றியும் எழுதலாமா?

அங்கேதான் ஒரு பூட்டுத் தொங்குகிறது!

சாவி எது?

ஒருவர் பெரிய மனிதர் என்று ஊரார் வாயால் சொன்னால் போதாது. அவருக்குச் சம்பந்தம் இல்லாதவர்கள், நம்பத்தகுந்த பத்திரிகையிலோ புத்தகத்திலோ அவரைப்பற்றி விரிவாக எழுதியிருக்கவேண்டும். இதுதான் விதி. சொந்த விளம்பரம் செல்லாது. மகன் அச்சிட்ட மலரும் செல்லாது.

ஏன் இந்தக் கண்டிப்பு? விதி இல்லாவிட்டால், பணம் உள்ளவர்கள் தங்கள் புகழைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். பொய்யும் மெய்யும் கலந்துவிடும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் 1926-ல் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்குப் பக்கம் இருக்கிறது. ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர் அவர். 2020-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவரைப்பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன.

நோபல் பரிசு பெண்மணி

விதியும் சில நேரம் தவறிவிடும்.

கனடா நாட்டு விஞ்ஞானி டோனா ஸ்டிரிக்லாண்ட். 2018-ல் ஒருவர் அவரைப்பற்றி எழுதினார். "ஆதாரம் போதாது" என்று மே மாதம் அது திருப்பப்பட்டது.

அக்டோபர் 2-ந் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள்! அன்றே அவர் பெயரில் பக்கம் திறக்கப்பட்டது.

அவர் திறமை மே மாதமும் இருந்தது. அதை எழுதிவைத்தவர்கள்தான் குறைவு.

பட்டறையில் ஆயுள் முழுவதும் அரம் பிடித்த தொழிலாளியின் கதையும் இதுதான். மாங்காய்ப் பூட்டை உலகம் அறியும். அதைச் செய்தவர் பெயரை யாரும் எழுதிவைக்காவிட்டால், அவருக்குப் பக்கம் கிடையாது.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெரியவர் இருப்பார். அவர் இருக்கும்போதே அவர் கதையைக் கேளுங்கள். தேதியோடு எழுதிவையுங்கள். பத்திரிகைக்காரர்களிடம் சொல்லுங்கள்.

அச்சில் ஏறிய அந்தக் கதைதான், நாளைக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி!